வரத்தும் போக்கும்: கோயில் குளம் பற்றி வாசகர் கேட்டவை

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோயில் குளம் பற்றியவை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இம்மாதப் பகுதியைக் குளத்துக்கே ஒதுக்கிவிட்டோம். பதில்களை ஆகமம் அறிந்த குருக்கள் ஒருவரும் நீர்க்கட்டுமானப் பொறியாளர் ஒருவரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மாரியம்மன் கோயில் குளம் மேலே 15 மீட்டர் சதுரம், அடியில் 9 மீட்டர் சதுரம், ஆழம் 2 மீட்டர். மூன்று பக்கம் செம்பனை. தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகி நாற்றமெடுக்கிறது. நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் தூள் 5 கிலோ வாங்கிப் போட்டோம். நாலு நாள் தெளிந்தது. மீனெல்லாம் செத்து மிதந்தது. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே பச்சை. என்ன செய்வது?
(கோயில் செயலாளர், சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் உங்கள் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குளத்துக்கு எதைச் செய்வதானாலும் இந்த ஓர் எண் வேண்டும். மேல் பரப்பு 225 சதுர மீட்டர், அடிப் பரப்பு 81. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஆழத்தால் பெருக்கினால் 306 கன மீட்டர். 300 என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது மூன்று லட்சம் லிட்டர்.

நீங்கள் போட்ட தூளில் ஏறக்குறைய 65 விழுக்காடு குளோரின். 5 கிலோவை இந்தத் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டும். மனிதர் நீந்தும் குளத்திலேயே 1 முதல் 3 மில்லிகிராம்தான் வைப்பார்கள். மீனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. பாசியும் செத்தது உண்மை. ஆனால் செத்த பாசி அடியில் போய் அழுகுகிறது. அது தின்றிருந்த உரச்சத்து மறுபடி தண்ணீரில் கரைகிறது. அடுத்த பாசி அதைத் தின்று வளர்கிறது. எதையும் வெளியே எடுக்காமல் உள்ளேயே கொன்றால் இப்படித்தான் ஆகும். துருசு (செம்பு சல்பேட்) போடச் சொல்லும் கடைக்காரரும் உண்டு. வேண்டாம். செம்பு அடிச்சேற்றில் தங்கிவிடும், வெளியேறாது.

பச்சைக்குக் காரணம் உள்ளே வரும் சத்து. உங்கள் குளத்துக்கு அது மூன்று வழியில் வருகிறது என்று தோன்றுகிறது. ஒன்று, செம்பனைக்குப் போடும் உரம் மழையில் கரைந்து ஓடி வருவது. இரண்டு, மீனுக்கு வீசும் ரொட்டியும் பொரியும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: அபிஷேக நீர் கோமுகியிலிருந்து எங்கே போகிறது? பல தோட்டக் கோயில்களில் அந்தக் குழாய் நேராகக் குளத்தில் விழுகிறது.

பாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பால் தண்ணீரில் கலந்து மட்கும்போது சில நாட்களில் 100 கிராம் அளவுக்குப் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். வீட்டுக் கழிவுநீர் 400 லிட்டர் செய்யும் கெடுதலை ஒரு லிட்டர் பால் செய்கிறது. நம் ஊர் வெப்பத்தில், 30 பாகைச் சூட்டில், ஒரு கன மீட்டர் தண்ணீர் தாங்கும் பிராணவாயு ஏழரை கிராம்தான். ஆக உங்கள் குளம் முழுவதிலும் இருப்பது இரண்டேகால் கிலோ. 22 லிட்டர் பால் போதும், அத்தனையும் தீர்ந்துவிடும். திருவிழா அன்று 200 பால்குடம் வருகிறது, குடத்துக்கு ஒரு லிட்டர் என்றால், ஒன்பது குளத்துப் பிராணவாயுவை ஒரே நாளில் கேட்கிறோம். காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் புதிதாகக் கொஞ்சம் கிடைக்கும் என்றாலும் அந்த வேகத்துக்கு ஈடாகாது. திருவிழா முடிந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தால் காரணம் இதுதான். இரவில் பாசியும் பிராணவாயுவைத் தின்னும், அதனால் விடியுமுன்தான் அது மிகக் குறைந்திருக்கும்.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். கோமுகிக் குழாயைக் குளத்திலிருந்து பிரித்து ஒரு தனித் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். அங்கே பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் தென்னைக்கும் பரவலாக ஊற்றலாம். ஒரே இடத்தில் குழி வெட்டி விட்டால் பாலின் கொழுப்பு மண்ணை அடைத்துக்கொள்ளும். அடுத்து, செம்பனைப் பக்கம் கரைக்கு வெளியே ஒரு சிறு லோங்காங் (வடிகால்) வெட்டி, உரம் கலந்த மழைநீர் குளத்தைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். கரையில் 3 மீட்டர் அகலத்துக்கு வெட்டிவேர் நட்டால் மண்ணையும் பிடிக்கும். மீனுக்குத் தீனி போடுவதை நிறுத்துங்கள். குளத்து மீனுக்குக் குளத்திலேயே இரை உண்டு. அல்லியோ தாமரையோ வளர்க்கலாம், ஆனால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். ஆகாயத்தாமரை சத்தை நன்றாக உறிஞ்சும், வாரம் தவறாமல் அள்ளி வெளியே போட ஆள் இருந்தால் மட்டும். ஆள் இல்லையென்றால் மூன்று மாதத்தில் குளத்தை மூடிவிடும்.

நீரூற்றுப் பம்பு இருந்தால், பக்தர்கள் பார்க்க மாலை ஆறு மணிக்கு ஓட்டுவதை விட நள்ளிரவு முதல் காலை ஏழு வரை ஓட்டுங்கள். குளத்துக்கு மூச்சு வேண்டிய நேரம் அதுதான்.

கேள்வி: குளம் என்றால் குளிக்கத்தானே? கோயிலுக்கு எதற்குக் குளம்? ஆற்றங்கரையிலேயே கோயில் இருந்தாலும் குளம் வெட்டியிருக்கிறார்களே!
(வாசகி, மூன்றாம் கட்டை)

பதில்: வழிபாட்டில் குளத்துக்கென்று வேலை உண்டு. திருவிழாவின் நிறைவில் தீர்த்தவாரி நடக்க வேண்டும். சிவன் கோயிலில் சூல வடிவான அஸ்திர தேவரையும் பெருமாள் கோயிலில் சக்கரத்தாழ்வாரையும் குளத்தில் முழுக்காட்டுவார்கள். அந்த நேரத்தில் அடியார்களும் மூழ்குவார்கள். தெப்பத் திருவிழாவுக்குக் குளம் வேண்டும். கோயிலுக்குள் நுழையுமுன் கை கால் கழுவ வேண்டும். நம் அம்மன் கோயில்களில் கரகம் சோடித்துப் புறப்படுவதும், தீமிதிப்பவர்கள் மஞ்சள் ஆடையுடன் மூழ்கி எழுவதும், முளைப்பாரி கரைப்பதும் நீர்க்கரையில்தான்.

ஆனால் தமிழ்நாட்டில் குளத்தை வெட்டியவர்கள் சடங்கை மட்டும் நினைத்து வெட்டவில்லை. அங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களுக்கு அதைப் பிடித்து வைக்க வேண்டும். குளத்தில் நிற்கும் நீர் மெல்ல மண்ணில் இறங்கிச் சுற்றுத் தெருக்களின் கிணறுகளுக்கு ஊறும். குளம் வற்றினால் தெருக்கிணறும் வற்றும் என்பது அங்குள்ள பெரியவர்களுக்குத் தெரிந்த கணக்கு. வெட்டிய மண்ணும் வீணாகவில்லை. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் காலத்தது. அவர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடம்தான் குளமானது என்று மதுரையில் சொல்வார்கள். அதற்கு வைகையிலிருந்து தண்ணீர் வரக் கால்வாய் உண்டு. நடுவே நீராழி மண்டபம். தைப்பூசத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அங்கே தெப்பத்தில் வலம் வருகிறார்கள்.

திருவாரூரில் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்பார்கள். ஐந்து வேலி என்பது 33 ஏக்கர். கோயிலுக்கு ஈடாகக் குளம், குளத்துக்கு ஈடாக ஓடை. இந்தச் சொலவடையில் எங்களுக்குப் பிடித்தது அந்த மூன்றாவது. நீர் வந்து போகும் வழிக்கும் தெய்வத்தின் இருப்பிடத்துக்கும் ஒரே அளவு கொடுத்திருக்கிறார்கள்.

கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள், குளத்தின் உள்ளே தீர்த்தக் கிணறுகள். 12 ஆண்டுக்கு ஒருமுறை மகாமகம். கடைசியாக 2016, அடுத்தது 2028. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்தில் அத்தி வரதர் நீருக்கடியில் இருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுப்பார்கள். 1979-க்குப் பிறகு 2019-இல் 48 நாள் தரிசனம் நடந்தது. அவரை எடுப்பதற்காகக் குளத்தை இறைத்தாக வேண்டும். தலைமுறைக்கு ஒருமுறையாவது குளத்தின் அடியைப் பார்த்துச் சீர் செய்ய அது ஒரு வாய்ப்பாகவும் அமைகிறது.

நம் நாட்டில் இந்த வேலைகளில் பலவற்றை ஆறும் கடலும் ஏற்றுக்கொண்டன. பத்துமலையில் தைப்பூசத்துக்கு ஆற்றங்கரையில் குளித்துத்தான் காவடி கிளம்புகிறது. பினாங்கில் அருவியை ஒட்டிய தண்ணீர்மலைக் கோயில். தெலுக் பஹாங்கில் மாசி மகத்துக்குக் கடலிலேயே தெப்பம் மிதக்கிறது. தோட்டங்களில் பெரும்பாலும் பக்கத்து ஆறுதான் தீர்த்தம். அந்த ஆறு கலங்கிப் போனபோதுதான் தோட்டக் கோயில்கள் சொந்தக் குளத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: குளம் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டுமா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: வடகிழக்கு சிறப்பு என்பார்கள். ஆனால் திருவாரூர்க் கோயில் குளமான கமலாலயம் அந்தக் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. மதுரைத் தெப்பக்குளம் கோயிலுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மேட்டில் வடகிழக்கு வந்தால் அங்கே போய் வெட்டாதீர்கள். தண்ணீர் தானாக வந்து சேரும் இடம் எதுவோ அதுவே இடம்.

கேள்வி: மண் குளமாக இருந்தபோது தண்ணீர் நின்றது. அடியில் சிமெண்டு போட்டு, சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிப் புதுப்பித்தோம். இப்போது வாரத்துக்கு ஒரு முழம் இறங்குகிறது. வெயில்தான் காரணம் என்கிறார் குத்தகையாளர். சரிதானா?
(நிர்வாகக் குழு உறுப்பினர்)

பதில்: சரியில்லை. இந்த நாட்டில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர்தான் ஆவியாகும். வாரத்துக்கு மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். ஒரு முழம் என்பது 45 சென்டிமீட்டர். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வெயில் எடுப்பதைவிட மழை கொடுப்பது அதிகம். ஆகவே இங்கே ஒரு குளம் வெயிலால் மட்டும் வற்றாது. வற்றினால் எங்கோ ஒழுகுகிறது.

அவரே ஒத்துக்கொள்ளும்படி ஒரு சோதனை இருக்கிறது. ஒரு வாளியில் முக்கால் அளவு குளத்துத் தண்ணீரை எடுத்து, படிக்கட்டில் பாதி முங்கியபடி வையுங்கள். காற்றில் சாயாமல் உள்ளே ஒரு கல். வாளிக்குள் நீர்மட்டத்தில் ஒரு கோடு, வெளியே குளத்து நீர்மட்டத்தில் ஒரு கோடு. மழையில்லாத 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளிக்குள் இறங்கியது வெயில் எடுத்தது. வெளியே அதைவிட எவ்வளவு கூடுதலாக இறங்கியிருக்கிறதோ அது ஒழுகல்.

உங்கள் சிமெண்டு ஏன் வெடித்திருக்கும் என்பதையும் சொல்கிறோம். தோட்டப்புறத்துத் தாழ்வான நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். குளத்தைக் காலி செய்துவிட்டுச் சிமெண்டு போடும்போதோ, பிறகு கழுவுவதற்காக இறைக்கும்போதோ, அடியிலிருந்து அந்த நீர் தளத்தை மேலே தள்ளும். காலிப் படகு மிதப்பது போலத்தான். தளம் உப்பி நடுவில் கீறல் விடும். நிரப்பியதும் அந்தக் கீறல் வழியே தண்ணீர் இறங்கும்.

மறுபடி பூசி மூடுவது சில மாதத்துக்குத்தான் தாங்கும். எங்கள் யோசனை: தளத்தை உடைத்து எடுத்துவிட்டுக் களிமண்ணுக்கே திரும்புங்கள். நல்ல களிமண்ணா என்று அறிய, ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். ஒடியாமல் 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கயிறாகத் திரிய வேண்டும். 15 சென்டிமீட்டர் பரப்பி, பிசையும் பதத்தில் ஈரம் வைத்து இடித்து இறுக்கி, அதன் மேல் இன்னொரு 15. உலர்ந்த கட்டிகளாகக் கொட்டி லாரியை ஏற்றி மிதிப்பது வேலைக்கு ஆகாது. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே இடைவெளி அப்படியே இருக்கும். முடிந்த அன்றே அரையடித் தண்ணீராவது விட்டுவிடுங்கள். காய விட்டால் வெடிக்கும்.

கேள்வி: தூர் வாரப் போகிறோம். ஒரே நாளில் பம்பு வைத்து இறைத்து, எக்ஸ்கவேட்டர் விட்டு அள்ளிவிடலாம் என்கிறார்கள். எந்த மாதம் நல்லது?
(தோட்டக் கோயில் தலைவர்)

பதில்: ஒரே நாளில் இறைக்காதீர்கள். படிக்கட்டுச் சுவருக்குப் பின்னால் உள்ள மண் தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கும். முன்னால் குளத்து நீர் தாங்கிக்கொண்டிருக்கும் வரை சுவர் நிற்கும். தாங்கலைத் திடீரென்று எடுத்தால் பின் மண் சுவரைத் தள்ளிக் குளத்துக்குள் சாய்த்துவிடும். படிகள் சரிவது பெரும்பாலும் இப்படித்தான், வயதானதால் அல்ல. நாளைக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இறக்க வேண்டாம். 2 மீட்டர் குளத்துக்கு ஒரு வாரம் ஆகும். சுவரில் கசிவுத் துளை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 50 மில்லிமீட்டர் குழாய் சொருகி, பின்னால் சரளைக்கல் அடைத்து வையுங்கள்.

பேராக்கின் இந்தப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். ஜூன், ஜூலையில் இறைத்தால் அக்டோபர் மழையில் நிரம்பித் தைக்குத் தயாராகிவிடும். ஆடித் திருவிழா உள்ள கோயில் என்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி.

அரை மீட்டர் நீர் இருக்கும்போது, வெயில் ஏறுமுன் மீன்களைப் பிடித்துத் தோங்குகளுக்கு (பீப்பாய்களுக்கு) மாற்றுங்கள். சேற்றில் மூங்கிலைக் குத்திப் பாருங்கள்: கறுப்பாக இளகி இறங்கும் வரை தூர், சாம்பலோ மஞ்சளோ நிறத்தில் பிசுக்கென்று பிடித்தால் அது பழைய களிமண் படுகை. அங்கே நிறுத்த வேண்டும். எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது; இன்னும் ஓர் அடி ஆழப்படுத்தித் தருகிறேன் என்பார். அந்த ஓர் அடிதான் தண்ணீரைத் தாங்குவது. கடைசி அரையடியைச் சங்குலால் (மண்வெட்டியால்) ஆட்களே வெட்டட்டும். 9 மீட்டர் சதுரத்தில் 40 சென்டிமீட்டர் தூர் என்றால் 32 கன மீட்டர். 5 கன மீட்டர் லாரியில் ஆறேழு நடை. எங்கே கொட்டுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். காய வைத்து நந்தவனத்துக்குப் போட்டால் உரம். கரையிலேயே குவித்தால் முதல் மழையில் மறுபடி குளத்தில்.

குளத்துக்குள் கிணறு இருந்தால் அதில் ஆளை இறக்காதீர்கள். அழுகிய சேற்றிலிருந்து வரும் நச்சுக் காற்று அடியில் தங்கி நிற்கும். ஒருவரைக் காப்பாற்றப் போன இன்னொருவரும் மயங்கி விழுவார். வெளியிலிருந்து பம்பால் இறைப்பதோடு நிறுத்துங்கள்.

படுகை வெடிக்காத அளவுக்கு நான்கைந்து நாள் உலர விட்டு, சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை விவசாயச் சுண்ணாம்பு தூவுங்கள். 81 சதுர மீட்டருக்கு 8 முதல் 16 கிலோ. சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், கையையும் கண்ணையும் பொசுக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் குளத்துக்கு உயிர் வரத்துக் கால்வாய். அது அடைபட்டால் குளம் செத்தது. இங்கே மழைக்குப் பஞ்சமில்லை, அதனால் இங்கே குளத்துக்கு உயிர் போக்குவாய். நம் கோயில்களில் அதற்குக் கவனமே இல்லை. இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறார்கள். குளமும் சுற்றுப்புறமும் சேர்ந்து 1,000 சதுர மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு கனமழை பெய்தால் நொடிக்கு 28 லிட்டர் வெளியேற வேண்டும். அந்தக் குழாயில் இரண்டு மூன்று லிட்டர் போகும். மீதி கரையைத் தாண்டி வழிந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு கலிங்கு, அதாவது திறந்த வழிவாய், கல்லால் கட்டுங்கள். அதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் வழிந்தாலே நொடிக்கு 27 லிட்டர் போய்விடும். வழியும் நீர் விழும் இடத்தில் கற்களைப் பரப்பி லோங்காங்கில் சேருங்கள். வரத்துப் பக்கம் ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அள்ளினால், அடுத்த தூர் வாரலைப் பல ஆண்டு தள்ளிப் போடலாம்.

புதுக் குளம் வெட்டுவதாக இருந்தால் நிலம் யார் பேரில் என்று முதலில் பாருங்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி மண்வேலைக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் வேண்டும்.

கேள்வி: தெப்பத்துக்கு எத்தனை தோங் கட்ட வேண்டும்? போன முறை ஒரு பக்கமாகச் சாய்ந்து பயந்துவிட்டோம்.
(இளைஞர் பிரிவு, தோட்டக் கோயில்)

பதில்: 200 லிட்டர் தோங் முழுக்க முங்கினால் 190 கிலோ வரை தாங்கும். ஆனால் முழுக்க முங்க விடக்கூடாது. ஏறக்குறைய பாதி வெளியே தெரிய வேண்டும். அதனால் ஒன்றுக்கு 100 கிலோ என்று மட்டும் கணக்கு வையுங்கள்.

எடைகளைக் கூட்டுங்கள். மூங்கிலும் பலகையும் 350 கிலோ, சப்பரம் 250, உற்சவரும் பீடமும் அலங்காரமும் 120, குருக்கள் மேளக்காரர் உட்பட ஆறு பேர் 480. மொத்தம் 1,200 கிலோ, 12 தோங். ஆட்கள் ஒரே பக்கம் நகரும்போது அந்தப் பக்கத்துத் தோங்குகள்தான் அத்தனையும் தாங்கும், ஆகவே மூன்றில் ஒரு பங்கு கூட்டி 16 ஆக்குங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத் தளத்துக்கு நீண்ட பக்கம் ஒவ்வொன்றிலும் எட்டெட்டாக அடுக்கினால் சரியாகப் பொருந்தும். நடுவில் காலியாக இருக்கட்டும். போன முறை நீங்கள் தோங்குகளை நடுவில் குவித்திருப்பீர்கள். சாய்வதற்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது, சப்பரம் உயரம். தளத்தின் அகலத்தைத் தாண்டி உயரம் போகக்கூடாது. மேலே கனமான கலசம் வைக்காமல், பூவும் துணியுமாக அலங்கரியுங்கள்.

நீல நிறப் பிளாஸ்டிக் தோங் நல்லது. மூடியில் ரப்பர் வாஷர் இருக்கிறதா பார்த்து, ஒவ்வொன்றையும் ஓர் இரவு தண்ணீரில் அழுத்தி வைத்துச் சோதியுங்கள். இரும்புத் தோங்கில் எண்ணெய், ரசாயனம் இருந்திருந்தால் அதில் வெல்டிங் வைக்கவே கூடாது, வெடிக்கும். கயிற்றால் மட்டும் கட்டாமல், தோங் நழுவாதபடி நான்கு பக்கமும் கட்டை வைத்து அடையுங்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் ஒன்றரை மடங்கு எடைக்கு, 1,800 கிலோ, மணல் மூட்டை ஏற்றி இரவு முழுக்க மிதக்க விட்டு, காலையில் எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

கரையிலிருந்து 240 வோல்ட் ஒயர் இழுக்க வேண்டாம்; 12 வோல்ட் பேட்டரியும் எல்.ஈ.டி. விளக்கும் போதும். ஜெனரேட்டர் கரையிலேயே இருக்கட்டும். நான்கு மூலைக்கும் வடம், கரைக்கு இருவராக இழுக்கட்டும். தெப்பத்தில் இருக்கும் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. இருட்டிய பிறகு அது தெரியவா போகிறது? கற்பூரம் ஏற்றும் இடத்தில் ஒரு வாளி மணல். சிறுவர்களை ஏற்றாதீர்கள். வலம் ஒற்றைப்படை எண்ணில்: மூன்று, ஐந்து, ஏழு.

கேள்வி: சுகாதார இலாகா வந்து கொசுப்புழு இருந்ததாகச் சம்மன் கொடுத்துவிட்டது. குளத்தை மூடிவிடலாமா என்று சிலர் பேசுகிறார்கள்.
(கோயில் பொருளாளர்)

பதில்: குளத்தை மூடினாலும் அடுத்த சம்மன் வரும். டிங்கிக் கொசுவான ஏடிஸ் மீன் உள்ள பெரிய குளத்தில் பிழைப்பது அரிது. கப்பி மீன் ஐம்பது விட்டால் போதும், பெருகிப் புழுக்களைத் தின்றுவிடும். அதிகாரிகள் புழுவை எங்கே எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிதறு தேங்காய்ச் சிரட்டை, மழையில் நனைந்த அகல் விளக்கு, அன்னதான நெகிழிக் கோப்பை, பூந்தொட்டித் தட்டு, கவிழ்க்காத அண்டா, கூரை மழைநீர்க் கால்வாய், படிக்கட்டில் உடைந்த டைல்ஸ் குழி. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்; காய்ந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து நனைந்ததும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை பூசைக்கு முன் என்று வைத்துக்கொண்டு, சுற்றி வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். கவிழ்க்க முடியாத தொட்டிக்கு 100 லிட்டருக்கு 10 கிராம் அபேட் என்னும் கொசுப்புழு மருந்து. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின் கீழ்தான் சம்மன் வருகிறது, கோயில் என்று விலக்கு இல்லை.

கேள்வி: தீமிதித்தவர்கள் பாற்குழியில் இறங்கிய பிறகு குளத்தில் கால் கழுவலாமா? குளத்துத் தீர்த்தத்தைப் பருகலாமா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: இரண்டும் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீர் காயம்பட்ட தோல் வழியே உடம்பில் ஏறி எலிக்காய்ச்சல் வரும். மண்ணிலுள்ள கிருமியால் வரும் மெலியோய்டோசிசும் இந்த நாட்டில் உண்டு, நீரிழிவுக்காரர்களுக்கு அது கொடியது. கொப்புளம் கண்ட காலைக் குழாய் நீரில் கழுவுங்கள், ஒரு தனித் தொட்டி வைத்தால் போதும். தீமிதிக்கு முன் மூழ்கி எழுவதில் தடையில்லை, உடம்பில் புண் இல்லாதவர்களுக்கு. குளத்தில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் குளத்தில் இறங்கியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டிங்கி என்று நினைத்து அதற்கே பார்ப்பார்கள்.

பருகும் தீர்த்தம் வேறு. அதைக் கொதித்து ஆறிய நீரில் ஏலம், கிராம்பு, பச்சைக் கற்பூரம், துளசி சேர்த்துக் கருவறையில் தயாரிப்பதே முறை.

கேள்வி: அப்படியானால் முளைப்பாரியை எங்கே கரைப்பது? குளத்தில் கரைப்பதுதானே வழக்கம்?
(முளைப்பாரி எடுக்கும் பெண்கள் குழு)

பதில்: வழக்கத்தை விட வேண்டாம் அம்மா. முப்பது சட்டி, சட்டிக்கு இரண்டரை கிலோ மண்ணும் எருவும் என்றால் 75 கிலோ குளத்துக்குள் போகிறது. ஓர் ஆற்றுக்கு அது ஒன்றுமில்லை. நிற்கும் சிறு குளத்துக்கு அது ஓராண்டுப் பாசிக்குத் தீனி. முதல் சட்டியின் முளைகளில் ஒரு பிடியைக் கும்மி கொட்டிப் பாடிக் குளத்தில் விடுங்கள். மற்றவற்றைக் குளத்து நீர் நிரப்பிய தொட்டியில் கரைத்து நந்தவனத்துக்கு ஊற்றுங்கள். பிள்ளையாரும் அப்படித்தான், சுடாத களிமண் உருவமாக இருக்க வேண்டும், வர்ணம் கூடாது. கருமக்கிரியைப் பிண்டத்தையும் அஸ்தியையும் கோயில் குளத்தில் கரைப்பதே இல்லை. அதற்கு ஓடும் ஆறும் கடலும் இருக்கின்றன.

கேள்வி: வேண்டுதலுக்கு ஆமை விடுகிறார்கள். தடுக்கலாமா?
(வாசகர்)

பதில்: தடுக்க வேண்டும். கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமை இந்த மண்ணுடையது அல்ல. மீன்குஞ்சையும் தாமரைக் குருத்தையும் தின்றுவிடும். பண்டாராயா மீன் (தொட்டியைத் துப்புரவாக்க வளர்க்கும் உறிஞ்சுவாய் மீன்) இன்னும் மோசம், கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கும். அறிவிப்புப் பலகை வையுங்கள்.

கேள்வி: மலாயில் குளத்தைக் 'கோலாம்' என்கிறோமே, அதற்கும் நம் குளத்துக்கும் உறவா?
(ஐந்தாம் ஆண்டு மாணவி, தமிழ்ப்பள்ளி)

பதில்: ஆமாம் கண்ணே, நம் குளம்தான் கடல் தாண்டி வந்து மலாயில் அந்தச் சொல்லானது. வாசலில் போடும் கோலம் வேறு சொல்.

கேள்வி: தோட்டம் விற்கப்பட்டு, கோயிலுக்கு வேறு இடத்தில் சிறிய மனை கொடுத்திருக்கிறார்கள். குளத்துக்கு இடமில்லை. பக்கத்தில் பழைய ஈயக் குட்டை இருக்கிறது. அதில் தீர்த்தவாரி நடத்தலாமா?
(கோயில் செயலாளர்)

பதில்: ஈயக் குட்டையில் இறங்காதீர்கள். கரையிலிருந்து இரண்டு அடி வைப்பதற்குள் திடீரென்று ஆழம் விழும். ஓரத்து மணல் காலடியில் சரியும். நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாது. தெப்பமும் அங்கே வேண்டாம்.

குளம் இல்லாத கோயிலில் தீர்த்தவாரியைக் கொப்பரையில் நடத்த வழியுண்டு. கலசத்தில் தீர்த்தங்களை ஆவாகனம் செய்து, அந்த நீரைக் கொப்பரையில் சேர்த்து, அதில் அஸ்திர தேவரை முழுக்காட்டுவார்கள். அம்மன் கோயிலில் அம்மனின் சூலத்துக்கு அப்படியே செய்யலாம். 200 லிட்டர் பிடிக்கும் பித்தளைக் கொப்பரை போதும். பிறகு அந்த நீரை அடியார்கள் மேல் தெளித்து, மீதியை வில்வத்துக்கோ வேம்புக்கோ ஊற்றலாம்.

மனையில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் ஒதுக்க முடிந்தால் ஒரு சிறு தீர்த்தத் தொட்டி கட்டிக்கொள்ளுங்கள். நீரின் ஆழம் 60 சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம், குழந்தைகள் வரும் இடம். ஐந்து கன மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். 200 சதுர மீட்டர் கூரையிலிருந்து 35 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நிரம்பிவிடும். கூரையின் முதல் நீரில் தூசியும் பறவை எச்சமும் வரும், அதனால் முதல் 200 லிட்டரை வெளியே விட ஒரு தனிக் குழாய் வையுங்கள். தொட்டி அடியில் நான்கு அங்குல வடிகுழாய், மேல் விளிம்புக்கு 10 சென்டிமீட்டர் கீழே வழிவாய். இரண்டும் லோங்காங்கில் சேரட்டும்.